ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களுக்கு இலங்கைச் சட்டம் என்ன தருகிறது?

என் தம்பிக்கு இப்போது 31 வயது. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில், இறப்பர் மரங்களும் தேயிலையும் சூழ்ந்த ஒரு சிறு கடைவீதியில் வளர்ந்தவன். வாப்பா தோட்டத்து மக்களை நம்பிக் கடை நடத்தியவர். சம்பள நாளில் கடை நிரம்பிவிடும். அன்றைக்குத் தம்பி பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளுக்கு இடையே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் எந்த லயத்தில் எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் என்று கொப்பியைத் திறக்காமலே சொல்லுவான். "புத்தி இருக்கு, கூச்சம்தான் கூட" என்று உம்மா எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

அவனுக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று ஒரு மனநல வைத்தியர் எழுதித் தந்தபோது அவனுக்கு 26 வயது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அவனும் ஓர் அரச அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். சிங்களத்தில் பெயர் கேட்டார், அவன் சொன்னான். "கதைக்கிறார், நடக்கிறார், என்ன குறை? இது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வருத்தம்தானே" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். நானும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆசிரியை நான். சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று எனக்கும் தெரியாது.

பிறகு தேடிப் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். அப்படி அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பகுதியில் தம்பியைப் போன்றவர்கள் அவன் ஒருவன் மட்டும் அல்ல.

ஓட்டிசம் வயதோடு போய்விடுவதில்லை

ஓட்டிசம் ஒரு நோய் அல்ல, மனநோயும் அல்ல. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே வரும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே ஒழுங்கில் பிடிவாதம், சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றை மற்றவர்களைவிட அதிகமாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பட்டப்படிப்பும் முடிப்பார்கள். சிலருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது.

இலங்கையில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டார்கள். அன்று பரிசோதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று 18 வயதை எட்டிக் கடந்துகொண்டிருக்கிறார்கள். சிறுவர்களுக்கென்று கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலை இருக்கிறது, ராகமையில் 'அயதி' நிலையம் இருக்கிறது. தெரணியகலையிலிருந்தும் இறக்குவானையிலிருந்தும் அங்கே போவதே ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் காரியம். அப்படிப் போய் வந்த குடும்பங்களுக்கும், பிள்ளை வளர்ந்த பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் மாற்றுத்திறனாளிகளா?

இந்த விடயத்தில் நம் நாட்டின் அடிப்படைச் சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதில் ஓட்டிசம் என்ற சொல் இல்லை. இதைச் சுட்டிக்காட்டித்தான் பல இடங்களில் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் குருடு, செவிடு என்ற பட்டியலும் இல்லை. எந்தக் குறைபாட்டையும் அது பெயர் சொல்லி வரிசைப்படுத்தவில்லை. அது தருவது ஒரு வரைவிலக்கணம் மட்டுமே. உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைவினால், அது பிறவியிலேயே வந்ததாயினும் இல்லாவிட்டாலும், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்பதே அதன் சாரம்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் "பகுதியாகவோ" என்பது. தம்பி தானே குளிப்பான், உடுப்பான், சாப்பிடுவான். ஆனால் தனியாக பஸ் மாறிப் போக அவனால் முடியாது. வங்கிப் படிவத்தைப் பார்த்தால் உறைந்துவிடுவான். வயிற்றுவலி வந்தால் வைத்தியரிடம் எந்த இடத்தில் வலி என்று சொல்ல மாட்டான். ஒருவர் நடக்கிறார், பேசுகிறார் என்பதால் மட்டும் அந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. எதைத் தானே செய்துகொள்ள முடியவில்லை என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி.

பக்கத்து நாடான இந்தியாவிலும் முன்பு இதே சிக்கல் இருந்தது. அங்கே 1995 இல் வந்த சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதில் ஓட்டிசம் இல்லை. 1999 இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016 ஆம் ஆண்டின் புதிய சட்டம் பட்டியலை 21 ஆக விரித்து ஓட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரச வேலைக்கான 4 வீத ஒதுக்கீட்டில் ஒரு வீதப் பங்கை ஓட்டிசமும் அறிவுசார் குறைபாடும் மனநோயும் உள்ளவர்களுக்கு வைத்தது. இங்கிலாந்து 2009 இல் ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களுக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. என்றாலும் பட்டியல் இல்லாத சட்டத்தில் ஒரு வசதியும் உண்டு. பெயர் இல்லை என்பதைக் காரணம் காட்டி யாரையும் வெளியே தள்ள அது இடம் தருவதில்லை.

இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 2007 மார்ச்சில் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. நீண்டகால உள, அறிவுசார், புலன்சார் குறைபாடுகள் சமூகத்தின் தடைகளோடு சேரும்போது ஏற்படும் நிலையை அந்தச் சமவாயம் கணக்கில் எடுக்கிறது. ஓட்டிசத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தும் புதிய சட்டம் வரைவு நிலையிலேயே இழுபட்டு வந்திருக்கிறது.

நிலை வேறு, கொடுப்பனவு வேறு

நம்மில் பலர் குழம்பும் இடம் இது. மாற்றுத்திறனாளி என்ற நிலை ஒன்று, மாதாந்தக் கொடுப்பனவு இன்னொன்று. கொடுப்பனவு குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுவது. அஸ்வெசும திட்டத்தின் கீழ் 7,500 ரூபாவாக இருந்த தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வீட்டில் வருமானம் இருக்கிறது என்று கொடுப்பனவு மறுக்கப்படலாம். அதனால் அந்த ஆள் மாற்றுத்திறனாளி இல்லை என்று ஆகிவிடாது. வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டப்பட்டால் முறையிடும் உரிமையும், தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் அப்படியே இருக்கும். "காசு கிடைக்காது என்றால் எதற்குப் பதிவு?" என்று கேட்டு விட்டுவிடுகிறோம். அதனால் எண்ணிக்கையிலும் இவர்கள் இல்லாமல் போகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்வதாகப் பதிவானது. அதில் ஓட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கெடுப்பு தனியாகக் கேட்கவில்லை.

தொழிலில் என்ன உரிமை?

1996 சட்டத்தின் 23 ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்த வேலைக்கு ஆட்சேர்ப்பதிலும் எந்தக் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 24 ஆம் பிரிவு வழி தருகிறது. இது அரச துறைக்கு மட்டும் உரியது அல்ல.

இதற்கு முன்பே, 1988 இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. வேலையைச் செய்யக்கூடிய தகைமை அவர்களிடம் இருக்க வேண்டும். சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. ஆனாலும் விண்ணப்பிக்கும்போது அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுவதற்கு ஒரு மதிப்பு உண்டு.

தோட்டத்தில் நிலைமை வேறு. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இப்போது 23 வயது. தாய் பால் வெட்டுகிறவர். தகப்பன் இல்லை. பையன் பேசுவது குறைவு, ஆனால் கைவேலையில் ஓர் ஒழுங்கு இருக்கும். பிள்ளைமடுவத்தில் இருந்த காலத்திலேயே தனியாக உட்கார்ந்து கற்களை அளவுவாரியாக அடுக்குவானாம். இப்போது தாயோடு விடியற்காலையில் போய் சிரட்டைகளைத் துடைத்து வைக்கிறான், பால் வாளி சுமக்கிறான். தாயின் வேலை அதனால் நேரத்துக்கு முடிகிறது. அவன் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர் வீட்டில் இருக்கும் வரைதான் லயத்துக் காம்பராவில் பிடி இருக்கும் என்பது அந்தத் தாயின் பயம். "எனக்குப் பொறகு இவன யாரு பாப்பா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் என் உம்மாவும் அதையேதான் கேட்கிறார்.

18 வயதில் மாறுவது என்ன?

1989 முதல் இலங்கையில் பராய வயது 18. அந்த வயதைத் தாண்டியவருக்குத் தாயும் தகப்பனும் சட்டப்படி பாதுகாவலர் அல்ல. ஓட்டிசம் இருந்தாலும் அவர் தனி ஆள். வாக்களிக்கலாம், வங்கிக் கணக்குத் திறக்கலாம், சொத்து வைத்திருக்கலாம், சிகிச்சைக்குச் சம்மதமோ மறுப்போ சொல்லலாம்.

இதைக் கட்டுப்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது. ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானித்து, அவரது சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கலாம். வங்கியிலோ காணி விடயத்திலோ சிக்கல் வந்தால் "கோட்டில் ஓர் ஓடர் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சிலர் இலேசாகச் சொல்லிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 89 ஆவது உறுப்புரையின்படி, சித்த சுவாதீனமற்றவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவர் வாக்காளராக இருக்கும் தகுதியை இழக்கிறார். ஒரு வங்கிக் கையொப்பத்துக்காக ஒரு மனிதனின் குடியுரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும். முடிவெடுக்க உதவி தேவைப்படுவது வேறு, முடிவெடுக்கும் உரிமையே இல்லாமல் போவது வேறு. ஐ.நா. சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை அழுத்திச் சொல்வது இதைத்தான். உதவியோடு முடிவெடுக்கும் முறைக்கு நம் நாட்டில் இன்னும் சட்ட வடிவம் இல்லை. அதனால் கூட்டுக் கணக்கு, வரையறுக்கப்பட்ட அதிகாரம் போன்ற சிறிய வழிகளைச் சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் கேட்பது நல்லது.

நம் வீட்டுக்குள் இருக்கும் அநீதி

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாப்பா மௌத்தானபின் கடைக் காணியைப் பிரிக்க நாங்கள் உட்கார்ந்தோம். "தம்பிக்கு எதற்குத் தனிப் பங்கு? அவனைத்தான் நாங்கள் பார்க்கிறோமே" என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது, நான் உட்பட யாரும் மறுக்கவில்லை. உறுதி எழுதப் போன இடத்தில் நொத்தாரிசுதான் கேட்டார்: "அவருடைய பங்கை அவர் விட்டுக்கொடுத்தாரா? அவருக்கு விளங்கும்படி யாராவது சொன்னீர்களா?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் மார்க்கச் சட்டப்படியே பங்கிடப்படும். மகனுக்குரிய பங்கு மகனுக்கு. அவனுக்கு ஓட்டிசம் இருக்கிறது என்பதால் அதில் ஒரு பேர்ச்சும் குறையாது. பங்கு அவனுடையது, பராமரிப்பு எங்கள் கடமை. இரண்டையும் ஒன்றாக்கி அவன் பங்கைப் பராமரிப்புக் கூலியாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. இப்போது கடையின் ஒரு பகுதி அவன் பெயரில் இருக்கிறது. வாடகை அவன் கணக்குக்குப் போகிறது.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. "கலியாணம் முடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லித் திருமணம் பேசுகிறோம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. பேச்சுக் குறைந்த ஒரு பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இது வழி திறந்துவிடுகிறது. வலியாக நிற்பவர் தன் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது.

பொலிஸும் வீதியும்

2020 மே மாதம், நோன்புப் பெருநாளை அடுத்து, தர்கா நகரில் ஓட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஊரடங்கு நேரத்தில் சைக்கிளில் வெளியே வந்தபோது சோதனைச் சாவடியில் பொலிஸாரால் தாக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காணொளி வெளியான பிறகுதான் விடயம் நாட்டுக்குத் தெரியவந்தது. கேள்விக்கு உடனே பதில் சொல்லாததும் கண்ணைப் பார்க்காததும் சந்தேகமாகத் தெரிகிறது. சிறுவனாக இருக்கும்போதே அப்படியென்றால், தாடி வளர்ந்த 31 வயது ஆணாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தம்பியின் சட்டைப் பையில் அவன் நிலையையும் என் தொலைபேசி இலக்கத்தையும் மும்மொழியிலும் எழுதிய ஓர் அட்டை எப்போதும் இருக்கும். ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கும் அவனை ஒரு தடவை கூட்டிப் போய் அறிமுகப்படுத்தி வைத்தேன்.

என்ன செய்யலாம்?

முதலாவது, வைத்தியச் சான்று. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் வளர்ந்தவர்களையும் பார்ப்பார்கள். சிறுவயதுத் தகவல் அங்கே முக்கியம். குழந்தைக் காலச் சுகாதார அட்டை, பாடசாலை அறிக்கைகள், பிள்ளைமடுவத்தில் பார்த்தவர் அல்லது குடும்ப நல மருத்துவ மாது சொல்லும் விபரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஓட்டிசம் என்று மட்டும் எழுதாமல், அவரால் எதைத் தனியே செய்ய முடியாது என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது பகுதிதான்.

இரண்டாவது, எதையும் எழுத்தில் கொடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விண்ணப்பத்தைக் கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் "இல்லை" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும்.

மூன்றாவது, மொழி. சப்ரகமுவவில் நிர்வாக மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரைப்படி, அங்கே எந்த அரச அலுவலகத்தோடும் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. விளங்காத படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வரும் தோட்டத்துத் தாய்மாருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

நான்காவது, காலக்கெடு. அரச அதிகாரி ஒருவரின் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசும்.

ஐந்தாவது, பயிற்சி. சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை உட்படப் பல இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸகாத் பெறுவோர் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. மஹல்லாவில் வளர்ந்த மாற்றுத்திறனாளிகள் யார், அவர்களுக்குச் சான்று இருக்கிறதா, தாய்க்கு என்ன வயது என்ற ஒரு பட்டியலையும் எடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேரை அதற்கு நியமியுங்கள். பக்கத்து லயத்துக் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். நம் கடைகளுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்.

போன மாதம் அந்தத் தாயையும் மகனையும் கூட்டிக்கொண்டு நான் மனநலப் பிரிவுக்குப் போனேன். அவன் சிரட்டை துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வைத்தியர் அதைப் பிடுங்கவில்லை. அடுத்த திகதி தந்திருக்கிறார்கள். சான்று கையில் கிடைத்ததும் தம்பியுடையதையும் சேர்த்து, இரண்டு விண்ணப்பங்களை ஒன்றாகக் கொண்டு போகப் போகிறேன். இந்தத் தடவை சும்மா திரும்பி வர மாட்டேன். முத்திரை வாங்கிக்கொண்டுதான் வருவேன்.